பெரியாள் கூலியும் சித்தாள் கூலியும்

(நமது அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காகவும், வெளிநாட்டில் இருக்கும் சபுராளிச் சகோதரர்களுக்காகவும் வெளியிடப்படுகிறது.)



மரியாதைக்குரிய தலைவர் அவர்களே, ஜமாஅத் பெரியவர்களே, ஹஜ்ரத்மார்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் வாசித்து முடித்துவிட்டார். நான் பேச வந்தது இன்னொரு கணக்கு. இன்ஷா அல்லாஹ், வரும் கல்வியாண்டில் நம் அறக்கட்டளை சார்பில் தையல் பயிற்சி நிலையம் தொடங்கப் போகிறோம். மக்தபில் பெண்பிள்ளைகள் பிரிவுக்கு ஓர் ஆலிமாவை நியமிக்கப் போகிறோம். இரண்டுக்கும் சம்பளம் முடிவு செய்தாக வேண்டும். "பெண்தானே, கொஞ்சம் குறைத்துப் பேசலாம், அவர்களும் ஒத்துக்கொள்வார்கள்" என்பது நிர்வாகக் குழுவில் ஒரு கருத்து. "அது நியாயமில்லை" என்பது மற்றொரு கருத்து. இரண்டு தரப்பிலும் நல்லெண்ணம் உள்ளவர்கள்தாம் இருக்கிறார்கள். தொகையை முடிவு செய்வதற்கு முன்னால், பெண்ணுடைய கூலி ஏன் குறைகிறது என்பதைப் பொதுவில் பேசிவிடுவது நல்லது என்று தலைவர் கருதினார். அதற்காகத்தான் இந்த உரை.

இது உலகம் முழுக்க நடக்கிற விவாதம். படித்தவர்கள் இதில் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். பெண்கள் செய்யும் வேலை வேறு, வேலை செய்யும் நேரம் வேறு, அனுபவம் வேறு, ஆகவே சம்பளமும் வேறு என்பது ஒரு கட்சி. எல்லாம் ஒன்றாக இருந்தாலும் பெண் என்பதாலேயே குறைக்கிறார்கள் என்பது அடுத்த கட்சி. 1973-இல் ரொனால்ட் ஓஹாக்கா, ஆலன் பிளைண்டர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் தனித்தனியே இதற்கு ஒரு கணக்கு முறை கண்டார்கள். படிப்பு, அனுபவம், தொழில் ஆகியவற்றால் வரும் வித்தியாசம் எவ்வளவு என்று முதலில் பிரித்துவிடுவது, அதற்கும் அடங்காமல் மிஞ்சுவது எவ்வளவு என்று பிறகு பார்ப்பது. அந்த மிச்சம் பாகுபாடுதான் என்கிறார் ஒருவர். இல்லை, நாம் இன்னும் அளக்காத காரணம் ஏதோ அதில் இருக்கும் என்கிறார் மற்றவர். ஐம்பது ஆண்டாக இந்த வழக்கு தீரவில்லை.

அவர்கள் வழக்கை நாம் தீர்க்க முடியாது. நம் ஊரைச் சுற்றியுள்ள வயல், கட்டடம், கல்யாண வீடு இவற்றை வைத்து நாமே யோசித்துப் பார்க்கலாம்.

வேலை வேறா, பெயர் வேறா?

நம்மில் பலருக்கு நிலம் இருக்கிறது. நிலம் இல்லாதவர்களும் வயலைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம். சேறடிப்பது, அண்டை வெட்டுவது, வரப்புக் கட்டுவது, மருந்து அடிப்பது, மூட்டை தூக்குவது ஆம்பளை ஆள் வேலை. நடவு, களை எடுப்பு, உளுந்து பறிப்பு பொம்பளை ஆள் வேலை. கூலி கேட்டால், பெண்ணுக்கு ஆணுடைய கூலியில் பாதி, அல்லது பாதிக்குக் கொஞ்சம் மேலே. காரணம் கேட்டால், "அது கஷ்டமான வேலை, இது லேசான வேலை" என்பார்கள்.

நடவு லேசான வேலையா? காலையிலிருந்து இடுப்பை வளைத்து, கணுக்கால் சேற்றில், பின்னோக்கி நடந்துகொண்டே நாற்று ஊன்ற வேண்டும். ஆழமாக வைத்தால் தூர் கட்டாது. மேலாக வைத்தால் தண்ணீரில் மிதந்துவிடும். முடி பிரித்து, குத்துக்கு இத்தனை என்று விரல் கணக்கில் பிரிக்கிற வேகம் ஒரு நாளில் வராது. அந்த வேலை ஒரு வாரம் தள்ளிப்போனால் நாற்று முற்றி விளைச்சல் குறையும் என்பது மிராசுதாருக்கும் தெரியும். சம்பாவின் தலையெழுத்தே அந்தக் கைகளில் இருக்கிறது. இருந்தும் அது "லேசான வேலை".

பலத்துக்குத்தான் கூலி என்று சொல்பவர்களிடம் ஒரு கேள்வி. நடவு இயந்திரம் வந்தது. உட்கார்ந்து ஓட்டுகிற வேலை. முன்பைவிட உடல் பலம் குறைவாகத்தான் வேண்டும். அப்படியானால் ஓட்டுபவருக்குக் கூலி குறைந்திருக்க வேண்டுமே? ஓட்டுபவர் ஆண். அவருக்குக் கிடைப்பது நடவுப் பெண்ணின் கூலியைவிட அதிகம். அறுவடை இயந்திரத்திலும் இதே கதை. அரிவாள் பிடித்த பெண்கள் கரையேறினார்கள், ஸ்டியரிங் பிடித்தவர் ஆணாக இருந்தார். வேலை கடினமாக இருந்தபோது "பலம் வேண்டும்" என்றோம், எளிதானபோது "திறமை வேண்டும்" என்கிறோம். காரணம் மாறுகிறது, யாருக்கு அதிகம் என்பது மட்டும் மாறவில்லை.

இன்னொரு சான்று. சில இடங்களில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி நடவு எடுக்கிறார்கள். அப்படி எடுத்தால், நாள் கூலியைவிட நன்றாகவே கையில் நிற்கிறது. அதே பெண், அதே வயல், அதே நாற்று. "பொம்பளை ஆள் ஒரு நாளைக்கு" என்று பேசினால் ஒரு விலை, "ஒரு ஏக்கர் நடவுக்கு" என்று பேசினால் வேறு விலை. முதல் பேச்சில் ஆளுக்கு விலை போடுகிறோம், இரண்டாவது பேச்சில் வேலைக்கு விலை போடுகிறோம்.

கட்டட வேலைக்கு வாருங்கள். கொத்தனார், பெரியாள், சித்தாள் என்று மூன்று பெயர். பெரியாள் என்றால் ஆண். சித்தாள் என்றால் பெண். சிறிய ஆள் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். இருபது வயதில் கலவைச் சட்டி தூக்க வந்த பையன் ஐந்தாறு வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். அவனுக்கு முன்பே வந்த பெண் ஐம்பது வயதிலும் சித்தாள்தான். அவளிடம் யாரும் கரண்டியைக் கொடுத்துப் பார்க்கவில்லை. "அவளுக்குக் கொத்து வேலை தெரியாது, அதனால் கூலி குறைவு" என்பது கணக்குப்படி உண்மை. ஏன் தெரியாமல் போனது என்பதுதான் கேள்வி. முதல் கட்சிக்காரர்கள் "வேலை வேறு" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் இடம் இது. நாம் இன்னும் ஒரு படி இறங்கிக் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் கல்யாண வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க வீட்டில் சோறாக்குவது பெண். அது கூலியில்லாத வேலை. நிக்காஹ் விருந்துக்கு தேக்சா ஏறியதும் அது பண்டாரி வேலையாகிவிடுகிறது. பண்டாரி ஆண். அங்கே வெங்காயம் உரிக்கவும் பாத்திரம் கழுவவும் வரும் பெண்களுக்கு "ஏதாவது பார்த்துக் கொடுங்கள்" என்பதுதான் கூலி.

தையல்காரப் பெண்கள் 187 பேர்

நாம் தையல் நிலையம் தொடங்குவதால் இந்த வரலாறு நமக்குப் பொருத்தமானது. லண்டனுக்கு அருகே டாகன்ஹாம் என்ற ஊரில் ஃபோர்டு கார் தொழிற்சாலை இருந்தது. கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் வேலையில் 187 பெண்கள். வேலைக்குச் சேரவே தையல் தேர்வில் தேற வேண்டும். ஆனால் கம்பெனி அவர்களைத் திறமை தேவைப்படாத பிரிவில் வைத்தது. அந்தக் கீழ்ப் பிரிவிலும் ஆணுக்குக் கொடுப்பதில் 85 விழுக்காடுதான் பெண்ணுக்கு. 1968 ஜூன் மாதம் அவர்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். இருக்கை இல்லாமல் கார் எப்படி வெளியே போகும்? மூன்று வாரத்தில் தொழிற்சாலையே ஸ்தம்பித்தது. அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டார். கூலி ஆண் விகிதத்தில் 92 விழுக்காடு ஆனது. 1970-இல் அந்த நாட்டில் சம ஊதியச் சட்டம் வந்தது.

ஆனால் அந்தப் பெண்கள் முதலில் கேட்டது வேறு. "எங்கள் வேலையைத் திறமையான வேலை என்று ஒப்புக்கொள்ளுங்கள்" என்றுதான் கேட்டார்கள். அதைப் பெற இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. கிடைத்த வருடம் 1984. பணத்தைக் கொடுக்க மூன்று வாரம் போதுமாக இருந்தது. பெயரை மாற்ற 16 வருடம் ஆயிற்று.

நம் நாட்டிலும் இதே போன்ற வழக்கு உண்டு. மெக்கின்னன் மெக்கென்சி என்ற கப்பல் கம்பெனியில் ஆட்ரி டி கோஸ்டா என்ற பெண் சுருக்கெழுத்தாளராக இருந்தார். ஆண் சுருக்கெழுத்தாளர்களைவிட அவருக்குச் சம்பளம் குறைவு. கம்பெனி சொன்ன நியாயம், இவர்கள் அதிகாரிகளுடன் இருக்கும் "லேடி ஸ்டெனோ"க்கள், இது தனிப் பிரிவு என்பது. தொழிற்சங்கத்துடன் ஒப்பந்தம் இருக்கிறது, கம்பெனியின் நிதிநிலையும் சரியில்லை என்றும் வாதாடினார்கள். 1987-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதங்களை ஏற்கவில்லை. வேறு பெயர் சூட்டிவிட்டால் வேறு வேலை ஆகிவிடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்தது 1976-இன் சம ஊதியச் சட்டம். அரசியல் சாசனத்தின் 39-ஆவது பிரிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசின் கொள்கையாகவே வைத்திருக்கிறது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பு 1976 சட்டத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. அந்த 1976 சட்டத்தில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. சமப்படுத்துகிறேன் என்று சொல்லி அதிகம் வாங்குபவரின் கூலியைக் குறைக்கக் கூடாது. ஆகவே, "பெண்ணுக்குக் கூட்டினால் ஆணுக்குக் குறையுமே" என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

சட்டம் இருக்கிறது. ஆனால் மத்திய அரசின் தொழிலாளர் துறை அமைப்பான லேபர் பீரோ மாதந்தோறும் வெளியிடும் கிராமப்புறக் கூலிக் கணக்கை இன்றும் ஆண், பெண் என்று இரண்டு பத்தியாகத்தான் போட வேண்டியிருக்கிறது. நடவு, களையெடுப்பு என்ற ஒரே வேலைப் பிரிவிலும் ஆண் கூலி மேலே நிற்கிறது. தமிழ்நாடு இதற்கு விதிவிலக்கு இல்லை.

நூறு நாள் வேலை காட்டிக் கொடுத்தது

2005-இல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தது. 2006-இல் முதல் கட்டமாக எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்களில் அன்றைய நாகப்பட்டினமும் ஒன்று. நம் தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது, மயிலாடுதுறை மாவட்டம் பிறந்தது 2020-இல்தான். அந்தத் திட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி விகிதம். யார் வேலைக்கு வந்தார்கள் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் அந்த வேலை நாட்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பெண்களுடையது.

"பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டார்கள், வயலுக்கு ஆள் கிடைக்கவில்லை" என்று நம்மவர்கள் புலம்பியதை நானும் கேட்டிருக்கிறேன். அந்தப் புலம்பலுக்குள் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. ஒரே தொகைதான். ஆணுக்கு அது வெளியில் கிடைப்பதைவிடக் குறைவு, அதனால் அவர் வரவில்லை. பெண்ணுக்கு அது வெளியில் கிடைப்பதைவிடப் பரவாயில்லை, அதனால் அவர் வந்தார். வெளியில் இரண்டு பேருக்கும் எவ்வளவு வித்தியாசம் வைத்திருந்தோம் என்பதை அரசாங்கத்தின் ஒரு மஸ்டர் ரோல் வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டது. பெண் ஏன் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொள்கிறாள் என்ற கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது. வேறு வழி இல்லாதவரை ஒத்துக்கொண்டாள். வேறு வழி ஒன்று திறந்ததும் அங்கே போனாள். ஆகவே "அவர்களே ஒத்துக்கொள்வார்கள்" என்பதை அந்தத் தொகை நியாயமானது என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

கூலி பேசும் இடத்தில் பெண் இல்லை என்பதும் ஒரு காரணம். இந்தக் கீழத்தஞ்சை மண்ணில் கூலிப் பேச்சு எவ்வளவு ரத்தம் பார்த்தது என்பது நமக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வுப் போராட்டத்தின் விலையை அவர்களும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கூலி உயர்ந்தது. ஆனால் ஆண் கூலி, பெண் கூலி என்ற இரட்டைக் கணக்கு போகவில்லை. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள், ஆண்கள் நடத்திய சங்கங்களை ஒதுக்கி வைத்துவிட்டுத் தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். கேட்ட 20 விழுக்காடு போனஸ் தொகையைப் பெற்றார்கள். பேசும் இடத்துக்குத் தாங்களே வந்ததால் கிடைத்தது அது.

பிள்ளையும் வீடும்

மறுதரப்பில் உள்ள உண்மையையும் சொல்லியாக வேண்டும். எல்லா வித்தியாசத்துக்கும் முதலாளியின் மனம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. 2023-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் என்ற பேராசிரியை காட்டியது இதைத்தான். ஒரே பட்டம் பெற்ற ஆணும் பெண்ணும் வேலையில் சேரும்போது சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் பிள்ளை பிறந்த பிறகுதான் இருவர் பாதையும் பிரிகிறது. நேரம் காலம் பார்க்காமல் வேலைக்கு ஓடி வருபவருக்கு முதலாளிகள் அள்ளிக் கொடுக்கிறார்கள். பிள்ளையைப் பார்ப்பவரால் அப்படி ஓட முடியாது.

நம் கடற்கரையில் 1620-இல் கோட்டை கட்டினார்களே டேனிஷ்காரர்கள், அவர்கள் நாட்டுக் கணக்கும் இதையே சொல்கிறது. பெண்களுக்குச் சலுகையும் குழந்தைக் காப்பகமும் மிகுந்த நாடு டென்மார்க். அங்கேயும் பிள்ளை பெற்ற பெண்களின் வருமானம் ஆண்களோடு ஒப்பிட நீண்ட காலத்தில் சுமார் 20 விழுக்காடு பின்தங்கிவிடுகிறது என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தகப்பன்மார்களின் வருமானத்தில் அப்படி எந்தப் பள்ளமும் விழவில்லை.

நம் நாட்டில் 2019-இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன ஆண்களை மட்டும் எடுத்த கணக்கு. ஐந்து மணி நேரம் வீட்டில் உழைத்த பிறகுதான் அவள் கூலி வேலைக்கே வருகிறாள். தூரமாகப் போக முடியாது. மாலைக்குள் திரும்பியாக வேண்டும். அருகில் கிடைப்பதைத்தான் எடுக்க முடியும். அருகில் இருப்பவருக்கும் அது தெரியும், அந்த அவசரத்தைப் பார்த்து விலையைக் குறைக்கிறார்.

நம் வீட்டுப் பெண்கள் நிலைமையும் இதுதான். வீட்டிலிருந்தபடியே கடைக்கு ரவிக்கையும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். நூல் அவர்களுடையது, மின்சாரம் அவர்களுடையது, தையல் மெஷின் அவர்களுடையது. கடையில் உட்கார்ந்து தைக்கும் ஆணுக்கு உருப்படிக்கு ஒரு விலை, இவர்களுக்கு வேறு விலை. "வீட்டில் இருந்துதானே தைக்கிறாய்" என்பது காரணம். சட்டை வாங்குபவர் வீட்டில் தைத்ததற்குக் குறைத்துக் கொடுக்கிறாரா? கடைத்தெருவில் என்ன விலை போகிறது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை, கேட்டு வரவும் ஆளில்லை.

இரண்டு ஆட்சேபங்கள்

"ஆண் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான், அதனால் அவனுக்கு அதிகம்" என்பது முதல் ஆட்சேபம். அப்படியானால் கல்யாணமாகாத பையனுக்குக் கூலியைக் குறைக்கிறோமா? நாலு பிள்ளையோடு நிற்கும் விதவைக்கு ஆண் கூலி கொடுக்கிறோமா? இரண்டும் செய்வதில்லை. ஆகவே குடும்பப் பொறுப்பு என்பது நாம் சொல்லிக்கொள்ளும் காரணமே தவிர, கூலி அதைப் பார்த்துப் போடப்படுவதில்லை.

இரண்டாவது ஆட்சேபத்தை மெதுவாகத்தான் சொல்வார்கள். "வாரிசுரிமையிலேயே மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. கூலியிலும் பாதி இருந்தால் என்ன தப்பு?" இங்கே ஹஜ்ரத்மார்கள் இருக்கிறார்கள், நான் சொல்வதில் பிழை இருந்தால் திருத்தட்டும். வாரிசுரிமைப் பங்கு உழைப்புக்குக் கிடைப்பதல்ல, உறவால் கிடைப்பது. அந்தப் பங்கோடு நஃபகா என்னும் செலவுப் பொறுப்பு ஆண் மீது சுமத்தப்பட்டிருக்கிறது. கூலி என்பது இஜாரா, ஓர் ஒப்பந்தம். செய்யும் வேலையும் கொடுக்கும் கூலியும் முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நிபந்தனை. வேலை செய்தவர் ஆணா பெண்ணா என்று பார்த்துப் பாதியாக்கும் விதி அந்தப் பாடத்தில் இல்லை. பெண் சம்பாதித்தது பெண்ணுக்கே உரியது, கணவனுக்கும் அதில் உரிமை கிடையாது. அன்னை கதீஜா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் வணிகம் செய்தவர்கள். அந்த வணிகத்தில் ஆள் அமர்த்தி ஊதியம் கொடுத்தவர் ஒரு பெண் என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமை நம் கூலிக் கணக்கிலும் தெரிய வேண்டும்.

சிறு விவசாயி ஒருவர் எழுந்து, "தண்ணீர் சரியாக வருவதில்லை, நெல் விலை கட்டவில்லை, நான் எங்கே போவேன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கட்டுப்படியாகாத விவசாயத்தின் நஷ்டத்தை யாராவது ஒருவர் சுமக்க வேண்டியிருக்கிறது. நடவுப் பெண்ணின் இடுப்பில் அதை ஏற்றுவது சுலபம் என்பதால் ஏற்றுகிறோம். டீசல்காரரிடமோ உரக் கடையிலோ நம்மால் குறைத்துப் பேச முடிவதில்லை. அதே விலையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு இங்கே வந்து குறைக்கிறோம். அவருக்கு நான் சொல்லக்கூடிய யோசனை, நாள் கூலியை விட்டு ஏக்கர் கணக்கில் பேசுங்கள் என்பது. வேலை வேகமாக முடியும், பெண்களுக்கும் கட்டுப்படியாகும்.

நம் பைத்துல்மால் கணக்கு

இது ஏன் அறக்கட்டளை பேச வேண்டிய விஷயம்? நம்மிடம் உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களில் பெரும்பகுதி பெண்களுடையது. அவர்களில் சும்மா இருப்பவர் வெகு சிலர். தைக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள், கருவாடு காய வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறார்கள். வேலை இருக்கிறது, கூலி போதவில்லை.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் குறைத்துக் கொடுக்கப்படுகிறது. வருடத்தில் 120 நாள் வேலை. வருடத்துக்கு 24,000 ரூபாய். 25 வருடம் உழைத்தால் 6 லட்சம். அந்தப் பெண் முதுமையில் நம் வாசலுக்கு வந்து, நாம் மாதம் 1,000 ரூபாய் வீதம் 25 வருடம் கொடுத்தாலும் 3 லட்சம்தான். குறைத்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைத்து ரசீதும் போட்டுக்கொள்கிறோம். அரசாங்கம் 2023-இல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு மகளிர் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது. உதவி வேறு, உரிமை வேறு என்பதை அந்தப் பெயராவது ஒப்புக்கொள்கிறது. ஸதகா நன்மையான காரியம்தான். ஆனால் கூலியாகக் கொடுக்க வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஸதகாவாகக் கொடுத்தால், கொடுத்தவருக்கு நன்மை வந்ததா என்பதை அல்லாஹ்தான் அறிவான்.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று. ஆலிமாவின் சம்பளமும் உஸ்தாதின் சம்பளமும் ஓதிக் கொடுக்கும் நேரத்தையும் தகுதியையும் வைத்து ஒரே விகிதத்தில் முடிவாக வேண்டும். உஸ்தாதுக்கு இமாமத் பொறுப்பு கூடுதலாக இருந்தால், அந்தப் பொறுப்புக்கென்று தனியாகத் தொகை எழுதிக் கொடுப்போம். எதற்கு எவ்வளவு என்பது இருவருக்கும் தெரிய வேண்டும்.

இரண்டு. தையல் நிலையத்தில் "ஆசிரியை" என்ற பெயரைப் பார்த்துச் சம்பளம் போடாமல், வேலை விவரத்தை முதலில் எழுதி, தொகையை அறிவிப்பிலேயே அச்சிடுவோம். ஆணா பெண்ணா என்பது விண்ணப்பம் வந்த பிறகு தெரியட்டும்.

மூன்று. ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை ஒவ்வொன்றுக்கும் கடைத்தெருவில் நடக்கும் தையல் விலையை விசாரித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நம் அலுவலகப் பலகையிலும் இந்த மடலிலும் வெளியிடுவோம். வீட்டில் இருந்து தைக்கும் சகோதரி அதைக் காட்டிப் பேசட்டும். அத்துடன் பயிற்சி நேரத்தில் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும், கூலி கொடுத்து ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆளுக்கும் நியாயமான கூலிதான்.

நான்கு. இது தீர்மானம் இல்லை, உறுப்பினர்களுக்கு வேண்டுகோள். வரும் சம்பா நடவுக்கு ஆள் பேசும்போதும், அடுத்த கல்யாணத்துக்குப் பாத்திரம் கழுவ ஆள் சொல்லும்போதும், "பொம்பளை ஆளுக்கு எவ்வளவு?" என்று கேட்காமல் "இந்த வேலைக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். தொகையை வேலைக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அன்று மாலையே கையில் கொடுத்துவிடுங்கள்.

பெண்ணின் கூலி ஏன் குறைகிறது என்று உலகம் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கட்டும். பிள்ளை வளர்ப்பால் வரும் பின்னடைவை மாற்றத் தலைமுறைகள் ஆகலாம். சித்தாள் கையில் கரண்டி வரவும் காலம் பிடிக்கும். ஆனால் நம் கையால் எழுதிக் கொடுக்கும் சம்பளத்தில் பெயரைப் பார்த்துக் குறைக்காமல் இருப்பதற்கு எந்த ஆய்வு முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கையெழுத்து நம்முடையது.

நிர்வாகக் குழு அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் மூன்று யோசனைகளையும் எடுத்துக்கொள்ளும். எதிர்க் கருத்து உள்ளவர்கள் தயவுசெய்து எழுத்தில் கொடுங்கள், அதையும் இந்த மடலில் வெளியிடுவோம். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் எழுதுங்கள். இது உங்கள் கூலியைப் பற்றிய பேச்சு, நீங்கள் பேசாமல் இது முடியக் கூடாது.

உழைத்தவர் உரிமையை உரிய நேரத்தில் நிறைவாகக் கொடுக்கும் மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.